நஞ்சின் பெயர் நம் மொழியில் வேண்டும்

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'குடிநீரில் நஞ்சு' என்பது. தமிழாசிரியன் ஒருவனை அழைத்தால் இலக்கணமோ இலக்கியமோ பேசச் சொல்வதே வழக்கம். நீரைப் பற்றியும் நஞ்சைப் பற்றியும் பேசுதற்கு வேதியல் கற்றவர் அன்றோ வேண்டும் என்று உங்களுள் சிலர் கருதக்கூடும். நானும் முதலில் மறுக்கவே எண்ணினேன். பின்னர், என் ஆசிரியப் பணியில் நான் செய்த பிழையொன்று நினைவிற்கு வந்தது. அதனை ஓர் அவையில் சொல்லித் தீர்க்கவேண்டிய கடன் எனக்குண்டு. ஆகலின் இசைந்தேன்.

ழகரம் சொல்லாத சிறுவன்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பணியாற்றிய காலம் அது. ஆறாம் வகுப்பு மாணவர்க்கு ஒலிப்புப் பயிற்சி தருவேன். ழகரத்தை ஒலிக்க வேண்டுமானால் நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ வேண்டும். வாயையும் நன்கு திறக்க வேண்டும். அவ் வகுப்பில் ஒரு சிறுவன் வாயைத் திறக்கவே மாட்டான். எழுந்து நிற்பான், வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுப்பான். ஒருநாள் கையை விலக்கச் சொன்னேன். பற்களெல்லாம் பழுப்புக் கறை. சில பற்களில் அரித்தாற்போன்ற குழிகள். "பல் துலக்குவதே இல்லையா?" என்று வகுப்பறிய வைதேன். மற்ற மாணவர் சிரித்தனர். சிரித்தவருள் பாதிப்பேர் தம் வாயையும் கையால் மூடிக்கொண்டே சிரித்ததை அன்று நான் நோக்கவில்லை.

மறுநாள் அவன் தாய் வந்தார். "ஐயா, பையன் நாளும் இருமுறை துலக்குகின்றான். வேப்பங்குச்சி, கரித்தூள், கடைப் பற்பொடி எல்லாம் பார்த்துவிட்டோம். போகவில்லை. எனக்கும் இதே கறைதான்" என்று சொல்லித் தம் பற்களைக் காட்டினார். எனக்கு மறுமொழி வரவில்லை.

அவ்வூர் ஊராட்சி அலுவலகத்தில், வாயிலுக்கு நேர் எதிரே, ஓர் ஆணியில் சில தாள்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்று எங்கள் பள்ளியருகிலிருந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்ந்த அறிக்கை. முழுவதும் ஆங்கிலம், எழுத்துச் சுருக்கங்களும் எண்களும் நிறைந்தது. அது வந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தது. அவ்வழியே நாள்தோறும் சென்ற நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அத்தாய் வந்து சென்ற பிறகு, அறிவியல் ஆசிரியரை அழைத்துச் சென்று காட்டினேன். அவர் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "புளோரைடு, ஓர் இலிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல். ஒன்றரைக்கு மேற்பட்டாலே பருகலாகாது" என்றார்.

அன்பர்களே! அச் சிறுவன்மீது பிழையில்லை. அவன் தாய்மீதும் பிழையில்லை. அறிந்து சொல்லவேண்டிய தாள் எட்டுத் திங்கள் சுவரில் தொங்கியது. ஊரார் அறியாத மொழியில் தொங்கியது. ஊருக்குத் தமிழ் சொல்லித்தர வந்த நானோ, அதனடியில் நடந்துபோய்ப் பிள்ளையை வைதேன்.

நாவிற்குத் தெரியாத நஞ்சு

நம் முன்னோர் நீரைப் பற்றி அறியாதவர் அல்லர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். ஏரி, குளம், கேணி, கூவல், பொய்கை, இலஞ்சி என்று நீர்நிலைகளை வகைவகையாகப் பெயரிட்டனர். ஊரார் உண்ணும் நீருக்கென்று தனியே ஒரு நிலையை வகுத்து அதற்கு ஊருணி என்று பெயரிட்டனர். குளிக்கும் குளம் வேறு, உண்ணும் ஊருணி வேறு என்ற தெளிவு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. நீரின் சுவையை உவர், சவர், துவர் எனப் பகுத்தனர். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிவித்தனர்.

இப் பெருமைகளை மேடைதோறும் சொல்லி மகிழ்கின்றோம், மகிழலாம். ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நம் நீரிலுள்ள நஞ்சுகளுட் பல, கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அறிய முடியாதவை. புளோரைடு கலந்த நீர் தெளிந்தே இருக்கும்; சுவையும் கெடாது. ஆர்செனிக்குக் கலந்த நீரும் அத்தகையதே. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும். கரைந்த நஞ்சை நீக்காது. நீரைக் காய்ச்சினால் நோய்நுண்ணுயிர்கள் மாளும், புளோரைடோ போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். காய்ச்சிய நீர் தூயநீர் என்று நம்பியிருக்கும் இல்லத்தரசியர் இதனை அறிதல் வேண்டும்.

அளவையும் எண்ணிப் பாருங்கள். ஓர் இலிட்டரில் ஒரு மில்லிகிராம் என்பது பத்து இலக்கத்தில் ஒரு பங்கு. இந்தியத் தர அமைப்பு 2012இல் வெளியிட்ட குடிநீர் வரையறையின்படி, புளோரைடு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிட்டாவிடத்து 1.5 வரை பொறுக்கத்தக்கது. குரோமியத்திற்கு எல்லை 0.05. ஆர்செனிக்கிற்கு 0.01, அஃதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதை எந்த நா அறியும்? கருவிதான் அறியும். கருவி அறிந்ததை மாந்தர்க்கு உணர்த்துவது மொழிதான். இங்கேதான் தமிழாசிரியனுக்கும் இத் தலைப்பிற்கும் உறவு தோன்றுகின்றது.

பாறை தந்த நஞ்சு

தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதி கருங்கற் பாறைகள் நிறைந்த நிலம். அப் பாறைகளின் கனிமங்களில் புளோரைடு இயல்பாகவே உண்டு. மேல்மட்டக் கிணற்று நீர் ஆண்டுதோறும் பெய்யும் மழையால் புதுப்பிக்கப்படுவது. ஏரிகள் தூர்ந்து, கிணறுகள் வறண்டு, நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற்குத் துளையிட்டு நீரெடுக்கத் தொடங்கிய பின்னர், நெடுங்காலம் பாறையோடு உறவாடிய நீர் மேலே வந்தது. அதனோடு புளோரைடும் வந்தது.

நம் நாட்டிற்கு இந்நோய் புதிதன்று. 1937ஆம் ஆண்டிலேயே, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் இதனைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினர்.

ஈற்றினுள் நிலைப்பல் உருவாகின்ற குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ எட்டு அகவை வரையில், மிகுதியான புளோரைடு உடம்பிற் சேர்ந்தால் பல்லின் மேற்பூச்சு கெடும். வெளிவரும் பல் சுண்ணவெண்மைத் திட்டுகளோடும், நோய் முற்றினால் பழுப்புக் கறையோடும் குழியோடும் வரும். பிறகு எத்துணைத் துலக்கினாலும் அக் கறை நீங்காது. அது பல்லின் மேலுள்ள அழுக்கன்று, பல்லின் ஆக்கத்திலேயே நேர்ந்த கேடு. ஆண்டுக்கணக்கில் பருகினாலோ எலும்பில் படியும். மூட்டுகள் இறுகும்; முதுகு வளையும்; கழுத்தைத் திருப்ப இயலாது. உழைத்து உண்ணும் மாந்தன் நாற்பது அகவையிலேயே கோலூன்ற நேரும். உண்ணும் உணவில் சுண்ணாம்புச்சத்துக் குறைந்த ஏழையரையே இந்நோய் மிகுதியும் வாட்டும்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடைப் படியவைக்கும் நலகொண்டா முறை உண்டு. எல்லாவற்றினும் சிறந்தது, நல்ல நீரை வேறிடத்தினின்று கொணர்தல். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பொழுது கருநாடகத்தில் எழுந்த எதிர்ப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சப்பானியக் கடனுதவியோடு பணி முடிந்து, 2013இல் நீர் வழங்கத் தொடங்கினர். நம் காவிரி நீர் நம் பிள்ளைகளின் பல்லைக் காக்க வந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் குழாயில் நீர் வராத நாளில் மக்கள் மீண்டும் ஆழ்துளை நீரை நாடுவரேல், நஞ்சும் மீண்டும் வீடு புகும். எந்தக் கிணறு பருகத்தக்கது, எது துணி துவைக்க மட்டுமே ஏற்றது என்று ஊரார்க்குத் தெரிந்திருந்தாலன்றி அதனைத் தடுக்க இயலாது.

மாந்தன் தந்த நஞ்சு

பாறையால் வந்தது ஒன்று. பணத்தாசையால் வந்தது மற்றொன்று. அதற்குப் பாலாற்றைப் பாருங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுதல் நெடுநாளைய தொழில். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு பதனிட்டனர். அது மெல்ல நடக்கும் வேலை. 1970களுக்குப் பின் ஏற்றுமதி பெருகப் பெருக, விரைந்து முடிக்கும் குரோமிய உப்பு முறை பரவிற்று. தோலைக் கெடாமற் காக்க இட்ட உப்பும், குரோமியமும், வேறு பற்பல வேதிப்பொருள்களும் கழிவுநீராய் ஆற்றிலும் ஏரியிலும் விடப்பட்டன. மணலைத் தோண்டி ஊற்றுநீர் பருகிய மக்களின் ஊற்று உவரானது. கிணற்று நீர் நிறம் மாறியது.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்சநயன்மன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகத்து 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீரைக் கெடுத்தவரே அதற்குரிய இழப்பீட்டையும், கெட்டதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்னும் நெறியை அத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 இலிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதி இழந்ததையும் அத் தீர்ப்பே எடுத்துக் காட்டியது. அதன் பின்னும் கேடு நின்றதா? 2025 சனவரி 30ஆம் நாள் அதே மன்றம், அதே பாலாற்றிற்காக, மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, இழப்பீடு கொடுக்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட நேர்ந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டிற்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, அந்நீரையே பருகி வளர்ந்து, தானும் பிள்ளை பெற்றுவிட்டது.

இதனோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். தோல் கெடாமலிருக்க இடப்பட்ட பென்ட்டாக்குளோரோபீனால் என்னும் மருந்து உடலுக்குத் தீங்கென்று கண்டு, 1989இல் செருமனி அதற்குத் தடை விதித்தது. அம் மருந்து எல்லைக்கு மேற்பட்ட தோற்பொருள்கள் அந் நாட்டிற்குள் நுழையலாகாது என்றது. சிலவகைச் சாயங்களையும் 1994இல் தடுத்தது. நம் ஆலைகள் என்செய்தன? விரைந்து மாற்று மருந்து தேடின. மாற்றுச் சாயம் தேடின. வாங்குகின்றவன் காலில் படும் செருப்பிற்காக ஓரிரண்டு ஆண்டில் முறையை மாற்ற முடிந்தது. விளைவிக்கின்றவன் வயிற்றில் படும் நீருக்காக 34 ஆண்டுகளாய் மாற்ற முடியவில்லை. அவன் நாட்டில் அவன் மொழியில் அவனுக்குச் சொல்லப்பட்டது, அவன் கேட்டான். நமக்குச் சொல்லவும் இல்லை. நாம் கேட்கவும் இல்லை.

தோல் தொழிலாளர்மீது நமக்குப் பகையில்லை. முதலில் சாகின்றவர் அவரே. 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்தோர் 10 பேர் நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினின்று பிழைப்புத் தேடி வந்த ஏழையர்.

வங்கம் தீட்டிய வண்ணம்

அவ் வங்க மண்ணின் நீர்க்கதை இதனினும் கொடிது. அதில் நமக்குப் பாடமும் உண்டு.

குளத்து நீரும் ஆற்று நீரும் காலராவையும் வயிற்றுக் கழிச்சலையும் பரப்பியதால், 1970கள் முதல் வங்காள நாட்டில் ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. ஒன்றிய நாடுகள் அவையின் குழந்தைநல அமைப்பும் அதற்குத் துணைநின்றது. நோக்கம் நல்லது. நுண்ணுயிர் இல்லாத தெளிந்த நீர் கிடைத்தது. ஆனால் அவ் வண்டல் மண்ணின் அடியில் ஆர்செனிக்கு இருந்தது. அதனை எவரும் ஆய்ந்து பார்க்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1983இல் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். வங்காள நாட்டுக் கிணறுகளில் 1993இல் நஞ்சு உறுதியாயிற்று. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சிடும்; மேனியில் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் தோன்றும்; ஆண்டுகள் கழித்துத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும். அறியா மக்கள் அதனைத் தொழுநோய் என்று எண்ணி நோயாளரை ஒதுக்கினர். மணமான பெண்களைப் பிறந்தகத்திற்குத் திருப்பி அனுப்பினர். வரலாற்றிலேயே மிகப் பெரும் மக்கள்திரள் நஞ்சூட்டு இஃது என்று உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை ஒன்று குறித்தது.

பின்னர் அந்நாட்டார் ஒரு வேலை செய்தனர். 2003ஆம் ஆண்டுவாக்கில் ஏறத்தாழ 50 இலக்கம் குழாய்க் கிணறுகளை ஆய்ந்து, நஞ்சு மிக்க கிணற்றின் குழாய்வாய்க்குச் சிவப்பு வண்ணமும், ஏனையவற்றிற்குப் பச்சை வண்ணமும் தீட்டினர். ஏறத்தாழ 14 இலக்கம் கிணறுகள் சிவப்பாயின. எழுத்தறியாப் பாட்டியும் சிறுமியும் அவ் வண்ணத்தைப் படித்தனர். பலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பச்சைக் கிணற்றிற்கு நடந்தனர்.

1952இல் தம் தாய்மொழிக்காக உயிரீந்த மக்கள் அவர்கள். 1965இல் நாமும் ஈந்தோம். மொழிக்கு உயிர்தந்த இருநாட்டாரும், தம் நீரிலுள்ள நஞ்சு தம் மொழியில் தமக்குச் சொல்லப்படாமலே அதைப் பருகினர். அவர்கள் வண்ணத்தையாவது தீட்டினர். நாம் என்ன செய்தோம்?

நம் கடமை

தமிழ்ப்பற்றாளராகிய நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கடைப் பெயர்ப்பலகை தமிழில் வேண்டும் என்று போராடினோம்; அது சரியே. மணவிழா அழைப்பிதழில் வடசொல் வரலாகாது என்றோம், அதுவும் சரியே. ஆனால் நம் பிள்ளை பருகும் நீரைப் பற்றிய தாள் ஆங்கிலத்தில் தொங்கியதே, அதை எதிர்த்து எத்தனை பேர் முழங்கினோம்? 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இந்நாட்டின் ஆட்சிமொழி ஆக்கியது. கோப்பிலும் முத்திரையிலும் தமிழ் வந்துவிட்டால் ஆட்சிமொழி ஆகிவிடுமா? உயிர்காக்கும் செய்தி தமிழில் வரும் நாளன்றோ தமிழ் ஆள்கின்ற நாள்!

இன்னொன்றும் சொல்வேன், பொறுத்தருள்க. புளோரைடிற்கும் ஆர்செனிக்கிற்கும் எந்தத் தூயதமிழ்ச் சொல் பொருந்தும் என்று நம்மவருள் நெடிய சொற்போர் நடக்கின்றது. நடக்கட்டும். நல்ல சொல் பிறக்கட்டும். ஆனால் நாம் சொல் தேர்ந்து முடிக்கும் வரையில் பிள்ளையின் பல் காத்திராது. ஆகவே இன்றைக்கு, அப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, அருகில் 'பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு' என்றும், 'தோலில் புள்ளியும் பின்னர்ப் புற்றும் உண்டாக்கும் நஞ்சு' என்றும் பொருள் எழுதுவோம். பெயர் கடன்பட்டதாயினும் பொருள் தமிழாய் இருக்கட்டும். பொருள் விளங்காத தூயசொல்லால் ஒரு குழந்தையும் பிழைக்காது.

செய்யவேண்டுவன மூன்று.

ஒன்று: ஒவ்வொரு நீர்த்தொட்டியிலும், ஆழ்துளைக் கிணற்றிலும் அந் நீரின் ஆய்வு முடிவைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். எந்நாளில் ஆய்ந்தது, எது எவ்வளவு, எல்லை எவ்வளவு, பருகலாமா, ஆகாதா என்னும் ஐந்தும் போதும். எழுத்தறியார்க்காகப் பச்சையோ சிவப்போ தீட்டுக.

இரண்டு: கிராமசபை என்று அரசு அழைக்கும் ஊரவைக் கூட்டம் இப்பொழுது ஆண்டிற்கு ஆறுமுறை கூடுகின்றது. அவற்றுள் மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள். அன்று எழுந்து நின்று, ஆய்வறிக்கையைத் தமிழில் படிக்குமாறு கேளுங்கள். மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்னும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேண்டுகை எழுதுங்கள். அதனைத் தமிழிலேயே எழுதலாம் என்று அச்சட்டமே இடந்தருகின்றது.

மூன்று: நம் மன்றத்தில் அறிவியல் கற்ற இளைஞர் பலர் உளர். அவர்கள் தத்தம் ஊர் அறிக்கையைப் பெற்றுத் தமிழாக்கித் தருக. மொழிநடையை நாங்கள் திருத்தித் தருகின்றோம். எண்ணை நீங்கள் பாருங்கள்; எழுத்தை நாங்கள் பார்க்கின்றோம்.

நான் பணியாற்றிய அவ்வூர் அறிக்கையை அறிவியல் ஆசிரியரும் நானும் சேர்ந்து அன்றிரவே தமிழில் எழுதினோம். ஒரு பலகையில் ஒட்டிக் கிணற்றருகே நட்டோம். மறுநாள் வகுப்பில் அச் சிறுவனிடம், எல்லார் முன்னிலையிலும், என் பிழையைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு நேர்ந்த கறை நேர்ந்ததுதான். அதனை என் சொல்லால் மாற்ற முடியாது. ஆனால் அவன் தங்கைக்கு அப்பொழுது இரண்டு அகவை. அவள் தாய் அதன்பின் அக் கிணற்றில் குடிக்க நீர் எடுக்கவில்லை. ஓடைக்கரைப் பழங்கிணற்றிற்கு ஒரு கல் தொலைவு நடந்து சென்று எடுத்துவந்தார். அக் கிணற்று நீரையும் ஆய்வித்து, எல்லைக்குள் இருப்பதை அறிந்த பின்னரே எடுத்தார்.

ஊர் திரும்பியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நம் நீரில் என்ன இருக்கின்றது? தமிழில் சொல்லுங்கள்.' மறுமொழி வரும்வரை கேளுங்கள்.